இந்த வண்டி இளஞ்சிவப்பு

எங்கள் சந்தில் எதிர்வீட்டு விச்சியன் எதையாவது வாங்கினால், விற்றவன் ஏமாந்தானா என்று முதலில் யோசிப்பான். அவன் ஏமாறவில்லை என்று தெரிந்தால், தான்தான் ஏமாந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்வான். முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். மீனின் கண்ணைப் பார்த்துவிட்டு மீன்காரியின் கண்ணையும் பார்ப்பான். இப்படிப்பட்டவன் ஒரு கார் வாங்கக் கிளம்பினால் ஊர் என்ன பாடுபடும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் இருந்தது. அவன் மனைவி புப்பா தேங்காய்ப் பாலும் மாவும் கலந்து அடுக்கடுக்காக ஆவியில் வேகவைக்கும் கனோம் சான் பலகாரத்துக்கு ஆற்றங்கரைச் சந்தையில் நல்ல பெயர். மொத்த வியாபாரிகள் விடிவதற்கு முன்பே வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அவ்வளவு நாளும் பக்கத்தில் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில்தான் இருவரும் தட்டுகளோடு போனார்கள். சென்ற மழைக்காலத்தில் கோயில் வளைவில் வண்டி சறுக்கி, தட்டுகள் ஒருபக்கம் போக, புப்பா ஒருபக்கம் போய் விழுந்தாள். அவளுடைய மணிக்கட்டு கோணலாகத்தான் சேர்ந்தது. இனிமேல் அந்தச் சனியனில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். விச்சியன் தனியாகப் போனால் பாதித் தட்டுதான் போகும், அதிலும் பாதி மழையில் ஊறும். இந்த மழைக்காலம் முடிவதற்குள் ஒழுங்காக வரவில்லை என்றால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சந்தைக்காரம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஆகவே, ஒரு சின்னக் கார். குறைந்த பெட்ரோல் குடிக்க வேண்டும், தட்டுகள் சாயாமல் உட்கார வேண்டும், புப்பா நனையாமல் போக வேண்டும். இவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். என்னையும் அவன் நம்பவில்லைதான். ஆனால் நான் ஓசி.

ஒவ்வொரு ஷோரூமுக்கும் பலகாரத் தட்டுகளோடு போனோம். வாசலில் பூச்செண்டு போலக் கைகூப்பி நின்ற பெண்கள், தகரத் தட்டுகளைப் பார்த்ததும் நீட்டிய தண்ணீர் பாட்டிலைப் பாதியில் நிறுத்தினார்கள். விச்சியன் கதவைத் தட்டிப் பார்த்தான், சீட்டை மோந்து பார்த்தான். கடைசி ஷோரூமில் பிளா என்ற பெண் மாட்டினாள்.

“அண்ணா, லிட்டருக்கு இருபதுக்கு மேல குடுக்கும்.”

“யாரு ஓட்டினா?”

“கம்பெனியில டெஸ்ட் பண்ணியிருக்காங்கண்ணா.”

“எந்த ரோட்டுல?”

“ரோட்டுல இல்லண்ணா. லேப்ல.”

“அப்ப லேபுக்குள்ளயே சந்தை இருந்தா சொல்லும்மா, அங்க போய் விக்கிறேன். இவ்வளவு கம்மியா குடிக்குதுன்னா ஏதோ நோவு இருக்கு. நல்லா இருக்கிற ஜீவன் நல்லாத்தான் குடிக்கும்.”

ஆனாலும் அந்த வண்டியில்தான் பின்சீட்டை மடக்கினால் தட்டுகள் எல்லாம் மட்டமாக உட்கார்ந்தன. விச்சியன் வெகுநேரம் குனிந்து பார்த்தான். ஒரு குறையும் அகப்படாததால் மறுபடி முதலிலிருந்து பார்த்தான். புப்பா முன்சீட்டில் உட்கார்ந்து, கோணல் மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பெய்யும் மழையைப் பார்த்தாள். “நனையல,” என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களே முன்பணம் கட்டியிருப்பீர்கள்.

அப்புறம்தான் இறங்கி வந்து வண்டியை முழுதாகப் பார்த்தாள்.

“வெள்ளையா? நான் செவ்வாய்க்கிழமை பொறந்தவ. வெள்ளை எனக்கு ஆகாது. விழுந்தன்னிக்குக்கூட வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தேன்.”

எங்கள் ஊரில் இதற்கு யாரும் சிரிக்கமாட்டார்கள். பிறந்த கிழமைக்கு ஒரு நல்ல நிறம், ஒரு கெட்ட நிறம் உண்டு. செவ்வாய்க்காரர்களுக்கு இளஞ்சிவப்பு சேரும், வெள்ளை சேராது. கடையில் வெள்ளை மட்டும்தான் இருந்தது. மற்ற நிறத்துக்கு மழைக்காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

பிளா அசரவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ஸ்டிக்கர் கட்டை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத்தின் பெயர். அதில் ஒன்றை உரித்துப் பின்கண்ணாடியில் ஒட்டினாள். ‘இந்த வண்டி இளஞ்சிவப்பு.’

“எல்லாரும் இதத்தான்க்கா ஒட்டுறாங்க. கிரகத்துக்கு எழுதிக் காட்டினாப் போதும். மேல இருந்து படிச்சுக்கும்.”

புப்பா தள்ளி நின்று படித்தாள். கிட்ட வந்து படித்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். பிக்கு ஒருவர் வந்து கூரையின் உட்புறம் விரலால் வெள்ளைப் புள்ளிகள் வைத்து ஆசீர்வதித்தார். அவர் நிறத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

புது வண்டிக்குக் கொடுக்கும் சிவப்பு நம்பர் பலகையோடு இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது என்பது சட்டம். நிரந்தர வெள்ளைப் பலகை வந்தால்தான் விடியற்காலைச் சந்தைக்குப் போக முடியும். “கம்பெனியே பதிஞ்சு தந்துடும்ண்ணா,” என்றாள் பிளா. விச்சியன் கண்ணைச் சுருக்கினான். நடுவில் வண்டியை மாற்றிவிட்டால்? பேப்பரை மாற்றிவிட்டால்? “நானே போறேன்,” என்றான். இந்தக் கதையில் அவன் செய்த ஒரே தவறு அதுதான்.

வண்டிப் பதிவு அலுவலகத்தில் குளிர்ச்சியும் பணிவும் அளவில்லாமல் இருந்தன. ‘பரிசு வாங்குவதில்லை’ என்று ஒரு பெரிய பலகை. கவுண்டரில் இருந்த ரச்சனி அம்மாள் எழுந்து நின்று கைகூப்பினாள், உட்கார்ந்தாள், கம்பெனி எழுதிக் கொடுத்த வண்டிப் புத்தகத்தைப் பார்த்தாள், வண்டியின் பின்பக்கப் போட்டோவைப் பார்த்தாள், மறுபடி எழுந்தாள்.

“அண்ணா, புக்குல வெள்ளைனு இருக்கு. வண்டியில ரோஸ்னு இருக்கு. எது சரி?”

“வெள்ளைதான்மா. அதோ, ஜன்னலுக்கு வெளிய நிக்குதே. பாருங்க.”

“நான் பார்க்கலாம். ஆனா நான் பார்த்தது அத்தாட்சி ஆகாதுண்ணா. எழுத்துதான் அத்தாட்சி. இப்ப ரெண்டு எழுத்து இருக்கு. ஒண்ணு கம்பெனி எழுதினது, ஒண்ணு ஓனர் நீங்க எழுதினது. நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொன்னா அது மரியாதையா?”

“நானே சொல்றேன்மா. பொய்தான்.”

“ஐயோ, அப்படியெல்லாம் உங்களை நீங்களே சொல்லிக்கக் கூடாது.”

“சரி, இப்பவே பிச்சு எறிஞ்சுடறேன்.”

ரச்சனி அம்மாள் நெஞ்சில் கைவைத்தாள். “அண்ணா! மனு எங்ககிட்ட இருக்கும்போது நிறத்தை மாத்தினா அது தனிக் குத்தம். ரோஸ்லேர்ந்து வெள்ளைக்கு மாத்தறதா இருந்தா, பெயிண்ட் அடிச்ச பில் வேணும். அதுக்கு முன்னாடி ரோஸா இருந்தப்ப எடுத்த போட்டோவும் வேணும்.”

“ரோஸா இருந்ததே இல்லையே!”

“அப்ப எப்படிண்ணா மாத்துவீங்க?”

வாசலில் நின்ற புப்பாவும் சேர்ந்துகொண்டாள். “ஸ்டிக்கர்ல கைய வச்சே, நான் மோட்டார் சைக்கிள்லகூட இல்ல, நடந்தே எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன், பார்த்துக்கோ.”

விச்சியன் என்னை ஓரமாக இழுத்தான். “இவங்க காசு எதிர்பார்க்கிறாங்க,” என்று கிசுகிசுத்தான். மறுநாள் ஒரு பெட்டி கனோம் சான் கொண்டுபோனான். ரச்சனி அம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, பலகையைக் காட்டினாள். அதற்குப் பிறகு அவனுக்குத் தூக்கமே போய்விட்டது. லஞ்சம் கேட்கிறவனைப் புரிந்துகொள்ளலாம். ஒன்றும் வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே வேலையை நிறுத்திவைப்பவனிடம் என்ன செய்வது? எனக்கும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயம் வந்தது.

இப்படி அலைந்து அலைந்து மழைக்காலம் பாதி கரைந்தது. காரோ வீட்டு வாசலில் மூடிக் கிடந்தது. விச்சியன் பழைய மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டு போய், ஊறின தட்டுகளோடு திரும்பினான். சந்தையில் அவர்கள் இடத்தைப் பக்கத்துக் கடைக்காரி அளந்து பார்த்ததாகச் செய்தி வந்தது.

ஒருவழியாகக் கோப்பு நிறப் பிரிவின் தலைவர் அம்னுவாயிடம் போனது. வெள்ளைச் சீருடை, தோளில் பட்டை, மேசைமேல் குளிர்ந்த காப்பி. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, ஜன்னல் திரையை எழுந்துபோய் இழுத்து மூடினார். வெளியே எங்கள் வண்டி நின்றிருந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க. நான் இந்த நாற்காலியில உட்கார்ந்ததுலேர்ந்து ஒரு வண்டியையும் கண்ணால பார்த்ததில்லை. அதனாலதான் என்மேல ஒரு புகார்கூடக் கிடையாது. பார்த்தா பாசம் வரும். பாசம் வந்தா பாரபட்சம் வரும்.”

“சார், ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தீங்கன்னா—”

“கண்ணு ஆளுக்கு ஆள் மாறும், விச்சியன். கண்ணு தனியார். எழுத்துதான் அரசாங்கம். நாளைக்கே நான் பார்த்து வெள்ளைனு சொல்லி, எனக்கு மேல இருக்கறவர் பார்த்து க்ரீம்னு சொன்னா? அவரை நான் அவமானப்படுத்தினதா ஆகாதா? அதனால நாங்க ஆபீஸ்ல யாருமே எதையும் பார்க்கறதில்லை. அவ்வளவு ஒத்துமை.”

நிறத் தீர்மானக் குழு கூடும் என்று சொன்னார். நிற அட்டை பாங்காக்கிலிருந்து வர வேண்டும். வந்த அட்டையில் வெள்ளையே பல வகை இருந்ததால், எந்த வெள்ளை இல்லை என்று முதலில் தீர்மானிக்க ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழுவில் வயதான குமாஸ்தா அம்மாள் ஒருத்தி, “வெளியதானே நிக்குது, நான் போய்ப் பார்த்துட்டு வரவா?” என்று கேட்டாளாம். நடவடிக்கைக் குறிப்பில் அந்த வாக்கியத்தை எழுத வேண்டாம் என்று ஒருமனதாக முடிவானது. பிக்கு வைத்த வெள்ளைப் புள்ளிகள் நிறமாற்றத்தில் சேருமா என்பதற்குத் தனியாக ஒருநாள் பேசி, புள்ளிகள் புனிதமானவை, ஆகவே நிறமற்றவை என்று எழுதினார்கள்.

குழு கூடும் நாளில் எங்களை வாசலில் காக்கவைத்தார்கள். மழை விட்டிருந்தது. விச்சியனுக்குச் சும்மா உட்கார வராது. அலுவலர்கள் வண்டி நிறுத்தும் இடத்தில் மோப்பம் பிடித்துக்கொண்டு நடந்தான். திடீரென்று நின்றான்.

“இங்க பாரு. எல்லா வண்டியும் பின்பக்கம் சுவரோட ஒட்டி நிக்குது. ஒண்ணுகூட முன்பக்கமா நுழையல. ஏன்?”

“வெளிய எடுக்க சுலபமா இருக்கும்ப்பா.”

“எனக்கு வர்ற சந்தேகம் உனக்கு ஏன் வரமாட்டேங்குது? நீ நல்ல மனுஷன்தானா?”

சொல்லிவிட்டுச் சுவருக்கும் வண்டிகளுக்கும் நடுவே வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நுழைந்தான். கைபேசி விளக்கு ஒவ்வொரு பின்கண்ணாடியிலும் நின்று நின்று நகர்ந்தது. மறுபக்கம் வெளியே வந்தபோது அவன் சட்டையெல்லாம் பாசி. முகத்தில் கோபமோ மகிழ்ச்சியோ இல்லை. வாழ்நாள் முழுக்கச் சந்தேகப்பட்டவனுக்கு ஒரு சந்தேகம் உண்மையானால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தான்.

குழு அறைக்குள் கூப்பிட்டார்கள். மேசையைச் சுற்றி ரச்சனி அம்மாளும் குமாஸ்தா அம்மாளும் சேர்த்து மூன்று பேர், நடுவில் அம்னுவாய். பேச்சைத் தொடங்க அவர் தொண்டையைச் செருமினார்.

“சார், ஒண்ணு கேக்கலாமா?” என்றான் விச்சியன். அவன் குரலில் துளி எகத்தாளமும் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். “வெளிய மொத வரிசையில நிக்கிற கறுப்பு வண்டி யாரோடது?”

“எந்தக் கறுப்பு வண்டி?”

“பெருசா, பளபளன்னு.”

“அங்க கறுப்பு வண்டி எதுவும் இல்லையே.”

“ஆமா சார். பின்னாடி போய்ப் படிச்சேன். ‘இந்த வண்டி ஆரஞ்சு’னு எழுதியிருக்கு. அதுக்குப் பக்கத்துல சிவப்பா ஒண்ணு. அதுல ‘இந்த வண்டி மஞ்சள்’னு இருக்கு.”

ரச்சனி அம்மாள் கோப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அம்னுவாய் காப்பியை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

“நான் வியாழக்கிழமை பொறந்தவன்,” என்றார் மெதுவாக. “கறுப்பு எனக்கு ஆகாது. ஆனா இந்தப் பதவிக்குக் கறுப்புதான் கௌரவம். என்ன பண்றது சொல்லுங்க?”

அந்த ஒரு நொடி அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. அடுத்த நொடி அவர் நிமிர்ந்துவிட்டார்.

“இந்தத் துறை மக்களோட எழுத்தை மதிக்குது. ஓனர் ரோஸ்னு எழுதியிருக்கார். ஒரு குடிமகனோட வாக்கைக் கேவலம் அவனோட வண்டியைக் காட்டிப் பொய்யாக்கறதா? அது நம்ம பண்பாடா? புக்குல ரோஸ்னு திருத்துங்க. இன்னிக்கே பலகை குடுங்க. அப்படியே... இதே மாதிரி நிலுவையில இருக்கிற மத்த வண்டிகளையும் சேர்த்துத் திருத்திடுங்க.”

“எந்த வண்டிகள் சார்?” என்றாள் குமாஸ்தா அம்மாள்.

“வெளிய நிக்கிறதெல்லாம்.”

அன்று மாலை எங்கள் வண்டிக்கு நிரந்தரப் பலகை ஏறியது. புத்தகத்தில் ‘நிறம்: இளஞ்சிவப்பு’ என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது. புப்பா அதைச் சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்டாள். பிறகு ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெயும் தோசைத் திருப்பி போன்ற ஒரு கரண்டியும் எடுத்துக்கொண்டு வந்து, பின்கண்ணாடி ஸ்டிக்கரைச் சுரண்ட ஆரம்பித்தாள். விச்சியன் அலறிக்கொண்டு ஓடிவந்தான்.

“எதுக்குக் கத்தற? கவர்மெண்டே ரோஸ்னு முத்திரை குத்திக் குடுத்தாச்சு. இனிமே இந்த ஓரம் கிழிஞ்ச ஒட்டு எதுக்கு? நம்ம வண்டி ரோஸ்தான். எவன் இல்லைன்னு சொல்லுவான், வரச் சொல்லு!”

அவள் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. விச்சியன் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு விஷயத்தை மறுகேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்டான்.

மறுநாள் நடந்ததைப் புருஷனும் பெண்டாட்டியும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றாக இருந்ததால் நம்புகிறேன்.

விடிவதற்கு முன்பே தட்டுகள் எல்லாம் மட்டமாக உட்கார, புப்பா உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு முன்சீட்டில் உட்கார, கொட்டும் மழையில் கிளம்பினார்கள். கோயில் வளைவு வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி சறுக்கவில்லை. கண்ணைத் திறந்து, கோணல் கையால் விச்சியன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் போலீஸ் தடுப்பு.

இளம் போலீஸ்காரர் மழைக்கோட்டோடு வந்து வணக்கம் சொன்னார். புத்தகத்தை டார்ச் அடித்துப் படித்தார். வண்டியைச் சுற்றிவந்தார்.

“அண்ணா, இதுல ரோஸ்னு போட்டிருக்கு. வண்டி வெள்ளையா இருக்கு. யார் வண்டிண்ணா இது?”

“என் வண்டிதான் சார். ரோஸ்தான். அரசாங்க முத்திரை பாருங்க.”

“அது புக்குல. வண்டியில எங்க எழுதியிருக்கு?”

விச்சியன் திரும்பி வெறும் பின்கண்ணாடியைப் பார்த்தான். அந்தப் பக்கம் சந்தை விளக்குகள் தெரிந்தன. மொத்த வியாபாரிகளின் வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. போலீஸ்காரர் பணிவாகத் தொடர்ந்தார்.

“வண்டி இங்க இருக்கட்டும்ண்ணா. ஆபீஸ் திறந்ததும் போய் விளக்கம் வாங்கிட்டு வந்துடுங்க.”

புப்பா கதவைத் திறந்து மழையில் இறங்கினாள். நேராகப் பின்பக்கம் போனாள். முந்தின நாள் தேங்காய் எண்ணெய் போட்டுச் சுரண்டின இடத்தை முழங்கையால் துடைத்தாள். உதட்டுச் சாயக் குச்சியை முழுதாகத் திருகி வெளியே எடுத்து, கோணல் கையைப் பெரிய எழுத்துக்கு ஏற்றபடி வளைத்து எழுதினாள். ‘இந்த வண்டி இளஞ்சிவப்பு.’

போலீஸ்காரர் டார்ச்சை அதன்மேல் அடித்தார். உதடு அசைய ஒருமுறை படித்தார். சாயம் நல்ல ரத்தச் சிவப்பு. அதை அவர் கேட்கவில்லை. புத்தகத்தோடு ஒத்துப்பார்த்துவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

“சரியா இருக்குக்கா. மழை வலுக்கிறதுக்குள்ள போங்க.”

காலையில் கஞ்சி குடிக்க நான் சந்தைக்குப் போனபோது தட்டுகள் காலியாகியிருந்தன. புப்பா நனைந்த தலையை உலர்த்திக்கொண்டு, உதட்டில் சாயம் இல்லாமல், பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சந்தைக்காரம்மா இடத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. விச்சியனை மட்டும் காணோம். தேடினால், வண்டி நிறுத்தும் இடத்தில் அந்தச் சின்னக் காரை முன்னும் பின்னும் எடுத்துக்கொண்டிருந்தான். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான், என்னைக்கூட ஒரு மாதிரி பார்த்தான். பிறகு மெதுவாகப் பின்னால் விட்டு, பின்பக்கம் சுவரோடு ஒட்டும்படி நிறுத்திவிட்டு இறங்கினான்.